உருளிக்கருகே ஓர் இடம்

வலியசாலை சமூக மடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சமாராதனையில், பால் பாயசம் காயும் வெண்கல உருளியின் அருகே நின்று, ‘இறக்கலாம்’ என்று சொல்பவன் நானாகவே இருந்தேன். நைவேத்தியத்துக்கு முன் எவரும் நாவில் வைத்துப் பார்க்கலாகாது. கண்ணும் மூக்குமே பக்குவத்தைத் தீர்மானிக்க வேண்டும். கல்லூரியில் இரசாயனம் பயின்றவன் நான். கொதியின் வேகம், குமிழின் பருமன், ஆடை மடியும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வேன். சமையல் பொறுப்பிலிருந்த பரிசாரகர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

பம்பாயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எதிர்வீட்டுக்குக் குடிவந்தார். வந்த ஆண்டே உருளிக்குள் எட்டிப் பார்த்து, “ஆயாச்சு” என்றார்.

“எப்படி சார் தெரிஞ்சுது?” என்றார் பரிசாரகர்.

“ஐ நோ இட் வென் ஐ சீ இட்!”

தோளைக் குலுக்கி அவர் சொன்ன அழகில் மடமே சிரித்தது. அந்த வாக்கியம் தெருவெங்கும் பரவியது. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். புடவை பொறுக்கியவர்கள் சொன்னார்கள். என் மனைவியே முருங்கைக்காய்க் கூறுகளின் முன் நின்று அதைச் சொன்னாள். விளக்கத் தெரியாதவனின் சாக்கு அது என்பதே என் கருத்து. ஆயினும் மறு ஆண்டு உருளிக்கருகே அவருக்கு நாற்காலி போடப்பட்டது. எனக்கு வாசலில் சந்தனம் கொடுக்கும் பொறுப்பு வந்தது.

இவ்வாண்டு சந்தனக் கிண்ணத்துடன் அடுக்களை வாசலில் நின்றேன். தற்செயலாக அல்ல.

“இறக்கிடலாம்” என்றார் எதிர்வீட்டார்.

உருளியைப் பார்த்தேன். ஏதோ சரியில்லை.

“இறக்காதீங்கோ!”

“ஏன் மாமா? என்னவாக்கும் குறை?” என்றார் பரிசாரகர்.

அத்தனை பேர் முகமும் என் பக்கம் திரும்பியது. படித்த இரசாயனத்தில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

“பாத்தா தெரியறதே, ஓய்!” என்று கத்திவிட்டேன்.

பரிசாரகர் திகைத்துச் சுற்றிலும் பார்த்தார். சர்க்கரை அளந்து வைத்த பாத்திரம், மூடிய வாழையிலையோடு, தூணோரம் அப்படியே இருந்தது. சர்க்கரையில்லாத பாயசம் சந்நிதிக்குப் போயிருக்கும்.

என் இடம் திரும்பிவிட்டதென்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் எதிர்வீட்டார் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார்.

“சபாஷ் சார்! ஐ நோ இட் வென் ஐ சீ இட்! அதானே?”

மடம் கொல்லென்று சிரித்தது. “கேட்டேளா, மாமாவும் சாரோட கட்சியில சேந்தாச்சு!” என்றார் பரிசாரகர். பந்தியிலும் அதுவே பேச்சு. அவருடைய வாக்கியம், அவருடைய வெற்றி.

வீடு திரும்பும் வழியில் காரணம் தெளிவாக வந்தது. சர்க்கரை விழுந்ததும் பாயசம் சற்று இளகும், மேலே ஒரு பளபளப்பு ஏறும். இரண்டும் அங்கே இல்லை. மனைவிக்கு முழுவதும் விளக்கினேன்.

“இத்தனையும் அங்கேயே சொல்லப்படாதோ?” என்றாள்.

எதிர்வீட்டில் இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.