கிள்ளிப் போட்ட துரும்பு

என் மகளின் முதல் மணத்தை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், வழக்கப்படி துரும்பு கிள்ளிப் போட்டு முறித்தோம். எழுத்து எதற்கு, இறைவன் சாட்சி போதும் என்றவன் நான்தான். மறுமணமான அவள் லண்டனிலுள்ள கணவனிடம் செல்ல விசா கேட்டபோது, முதல் மணம் முறிந்ததற்குப் பத்திரம் கேட்டார்கள். முன்னாள் மருமகனின் வாக்குமூலம் வேண்டிப் பரளச்சிக்குப் போய், பகை ஆறாமலே அவன் வாசலில் நின்றேன்.

“ஊரு முன்னால என்னைய ஆம்பளையே இல்லன்னீகளே மாமா. இப்ப அந்த ஆளு கையெழுத்து வேணுமாக்கும்?”

மணமுறிவு கிடைப்பதற்காக நான் சொன்ன பொய் அது. வாக்குமூலத் தாளை நீட்டினேன்.

மறுநாள் அருப்புக்கோட்டையில் வக்கீல் முன் கையெழுத்திட்டான். “அவ நல்லா இருக்கட்டும். நீங்க இனி என் மொகத்துல முழிச்சிராதீக.”

அன்று திருச்சுழிக் கோயிலில் பதிகம் பாட நா எழவில்லை. இறைவனிடம் பலமுறை மன்னிப்பு வேண்டிவிட்டேன். அவனிடம் இன்னும் வேண்டவில்லை.