தெருவுக்குக் கீழே போன வீடு

திருச்செங்கோட்டுக்கு வெளியே ஒரு கடலைக்காட்டைச் சைட் பிரித்து விற்றார்கள். அங்கே மூன்றாவதாக வீடு கட்டியவர்கள் நாங்கள். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. என் கணவர் போர்வெல் ரிக் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மண் தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் வருவோம். "எவ்வளவு மழை பேஞ்சாலும் நம்மூட்டுக்குள்ள தண்ணி பூராது" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் முன்னால் கட்டியவரைவிட ஓரடி உயர்த்திக் கட்டினார்கள். ஜல்லி கொட்டிய தெரு தார் ரோடானது. தாரின் மேலேயே இன்னொரு தார், அதன் மேல் சிமெண்ட். பழையதை யாரும் பெயர்க்கவில்லை. எங்கள் படிகள் ஒவ்வொன்றாக ரோட்டுக்குள் போயின. ஒரு வருடம் ரோடும் வாசலும் சமமாக இருந்தன. அதற்கப்புறம் நாங்கள் இறங்கி வர ஆரம்பித்தோம். மேற்கில் வாடகைக்கு விட ஒரு மூன்று மாடி வீடு எழும்பியபின், பகலிலேயே ஹாலில் லைட் போட வேண்டியதாயிற்று.

சாக்கடைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, கேட்டுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் வைத்தோம். தாண்டித்தான் போய்வந்தோம். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் விழுந்த பிறகுதான் அந்தச் சுவர் எங்களை என்ன செய்துவிட்டது என்று புரிந்தது. சக்கர நாற்காலி கேட் வரை போகும். அங்கிருந்து ரோடு இரண்டடி மேலே. சரிவு வைக்கலாமா என்று அவரே கண்ணால் அளந்து பார்த்தார்.

"எடம் பத்தாது புள்ள. அவ்வளவு செங்குத்தா வெச்சா நீ தள்ள மாட்ட."

ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஆள் வைத்துத் தூக்கிப் போனோம். மற்றபடி பதினோரு மாதம் அவர் தெருவைப் பார்க்கவில்லை. கேட்டருகே உட்கார்ந்தால் போகிறவர்களின் கால்கள்தான் அவர் கண்ணுக்கு நேராக இருக்கும். அப்படி உட்காரப் பிடிக்காமல் உள்ளேயே இருந்துவிட்டார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் கொட்டிய மழையில் தண்ணீர் அந்தச் சுவரையும் தாண்டி வந்தது. நான் அவரைக் கட்டிலில் ஏற்றி, காலை மடக்கி வைத்து, கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டேன். கட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர். எனக்கு முதன்முறையாக அந்த வீட்டின் மேல் வெறுப்பு வந்தது.

பக்கத்து மாடியிலிருந்த பெண் ஜன்னல் வழியே கூப்பிட்டாள்.

"ஏனுங்கக்கா, உள்ள பூந்துருச்சுங்களா?"

"கட்டில் காலு முங்கீருச்சு சாமி."

"பயப்படாதீங்க, ஆளுகளக் கூட்டியாரேன்."

நான்கு பேர் வந்து அவரை நாற்காலியோடு தூக்கி அந்தப் பெண்ணின் வீட்டில் வைத்தார்கள். தூக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பெங்களூரில் இருக்கும் மகன் விற்றுவிடச் சொன்னான். வாங்க வந்தவர் ஹாலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஊட்டுக்கு ஒண்ணும் பேச முடியாதுங்கம்மா. இடிச்சுப்போட்டுத்தான் கட்டோணும். எடத்துக்கு மட்டும் சொல்லுங்க."

அறைக்குள் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் போனதும், "நான் எங்கியும் வரலை" என்றார். மகனிடம் போய் இருக்கலாமே என்றேன். "அங்க அஞ்சாவது மாடி. அங்க மட்டும் எறங்கி நடக்கப் போறனா?" போக நான் ஆசைப்பட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கடைசியில் மேஸ்திரி ஒருவர் வழி சொன்னார். வீட்டைத் தூக்கக் கட்டுப்படியாகாது, தரையைத் தூக்கலாம். ஹாலிலும் அவர் அறையிலும் இரண்டடிக்கு மண்ணையும் செங்கல் உடைசலையும் கொட்டி, மேலே புதுத் தரை போட்டார்கள். கதவு நிலைகளை உடைத்து ஏற்றினார்கள். கேட் வரை வாசலையும் அதே உயரத்துக்கு நிரப்பியதில் அந்தக் குறுக்குச் சுவர் தரைக்குள் போனது. தலையில் இடிக்கும் என்று மின்விசிறியைக் கழற்றியாயிற்று. ஜன்னல்கள் இப்போது கணுக்காலுக்குச் சற்று மேலே ஆரம்பிக்கின்றன. சமையலறையை உயர்த்த முடியவில்லை. நான் மூன்று படி இறங்கிச் சமைத்து, தட்டோடு ஏறி வருகிறேன்.

தரை காய்ந்த மறுநாள் அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனேன். டீக்கடை வரை போனோம். அவருக்கு முகம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். டீயைப் பாதி குடித்துவிட்டு, "போதும், ஊட்டுக்குப் போலாம்" என்றார். இப்போது தினமும் போகிறோம், ஆனால் அரைமணி நேரத்துக்கு மேல் அவர் இருப்பதில்லை.

போன வாரம் தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். புது சிமெண்ட் ரோடாம். பழையதைப் பெயர்த்துவிட்டுப் போடுங்கள் என்று அளந்தவரிடம் கேட்டேன்.

"மேலயேதான் போடச் சொல்லியிருக்காங்கம்மா. மனு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை.

"எத்தன இஞ்சாம்?" என்று கோடு போட்ட அன்றைக்கே அவர் உள்ளேயிருந்து கேட்டார்.

"ஆறுங்க."

அவர் கட்டிலில் படுத்தபடியே இடது கையை மேலே கூரையை நோக்கி நீட்டி அளந்து பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.