என்னைத் தேடி வந்த பச்சைக் கோடு

என்னைத் தேடுகிறார்கள் என்றுதான் நான் நம்பினேன். யார் என்று கேட்டால் அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. ‘அவர்கள்’. எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரருக்கு அந்தச் சொல்லே போதும், எந்த அவர்கள் என்று எவரும் விளக்கம் கேட்பதில்லை. அவர்கள் ஏதோ கருவியோடு என் அலைவரிசையைத் துழாவுகிறார்கள், மடிக்கணினித் திரையில் ஊர்ந்து வருகிற பச்சைக் கோடு அவர்களுடைய விரல். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, நாலெழுத்துப் படித்த நான், இதை முழு மனதோடு நம்பினேன்.

இத்தனைக்கும் களவாக ஒன்றும் செய்யவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே வானலையில் பேசுவதற்கான அமெச்சூர் வானொலி லைசென்ஸ் எடுத்தவன். பரீட்சை மண்டபத்தில் என்னைப் பிள்ளையைக் கூட்டிவந்த தகப்பன் என்று நினைத்து வெளியே இருக்கச் சொன்னார்கள். அந்த அவமானத்தையும் தாங்கிக்கொண்டு எடுத்த லைசென்ஸ்.

மட்டக்களப்பில் கலியாணம் முடித்துக் குடியேறிவிட்ட என் பள்ளித் தோழனுக்கு மூன்று வருடங்களுக்கு முன்பே லைசென்ஸ் கிடைத்துவிட்டது. பத்தாம் வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, ஒருநாள் வானத்தில் கதைப்போம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் வானொலிப் பெட்டி வாங்கப்போகிறேன் என்றதும் அவன் தொலைபேசியில் சிரித்தான். “நீ வாங்குவாய் மச்சான். ஆனா வாய் திறக்கமாட்டாய்” என்றான். அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு அவன் எனக்காக ஒரு அலைவரிசையில் காத்திருப்பதாக ஏற்பாடு. பத்தரைக்கு அவனுக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் நான் பேசாவிட்டால் இந்தப் பிறவி முழுதும் அவன் வாயில் நான்தான் வெற்றிலை.

புதுப் பெட்டி சோற்றுப் பெட்டியளவுதான். திருகுவதற்கு ஒரு குமிழ்கூட இல்லை. எல்லாம் மென்பொருள், மடிக்கணினியில் அம்புக்குறியை நகர்த்தித்தான் கேட்பதும் பேசுவதும். வானத்தில் எவர் எங்கே பேசினாலும் திரையில் மேலிருந்து கீழே ஒரு கோடாக வழிகிறது. முன்பு காதால் கேட்டதை இப்போது கண்ணால் பார்க்கலாம். பயந்தவனுக்கு இப்படியொரு வசதியைச் செய்துகொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். அமைப்புகள் என்ற பக்கத்தில் நாற்பது சின்னப் பெட்டிகள் இருந்தன. விளங்கியதற்கும் விளங்காததற்கும் சேர்த்து எல்லாவற்றிலும் சரி போட்டேன்.

ஒன்பதே முக்காலுக்குக் கோடு வந்தது. திரையின் வலது ஓரத்தில் தடித்து, மயிர்க்கொட்டிப் புழு போலச் சிலிர்த்துக்கொண்டு. பேச்சுக்கான கோடு விட்டுவிட்டு வரும். இது விடாமல் நின்றது. நின்றதோடு இல்லை, நகர்ந்தது. எங்கள் பத்து மணி அலைவரிசையை நோக்கி, அவசரமே இல்லாமல், வீட்டு இலக்கம் பார்த்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிறவனைப் போல.

நான் வளர்ந்த காலத்தில் சட்டைப்பையில் ஒரு டோர்ச் பற்றரி இருந்தாலே காவலரணில் அதற்கொரு கதை சொல்ல வேண்டும். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றினோம். டைனமோவில் வானொலி முனகும். கேட்பதற்கே அந்தப் பாடு. பேசுகிற பெட்டி வைத்திருப்பது பற்றி எவரும் பேசுவதுகூட இல்லை.

சத்தம் வெளியே போகக்கூடாதென்று ஒலிபெருக்கியை முழுவதும் குறைத்தேன். பிறகு யன்னலால் எட்டிப் பார்த்தேன். கேற்றடியில் ஒருவர் நின்றார். கையில் கொப்பி. தென்னையிலிருந்து தண்ணீர்த் தாங்கி வரைக்கும் நான் இழுத்திருந்த ஏரியல் கம்பியை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏதோ எழுதினார்.

இங்கே எல்லா வீட்டிலும் ஒரு பை இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள். ஓடவேண்டி வந்தால் கையில் எடுப்பது. ஓட்டம் நின்று எவ்வளவோ காலமாகியும் அந்தப் பையை எவரும் கலைக்கவில்லை. என் லைசென்ஸும் அதற்குள்தான். பத்து அடிக்கிற நேரம் மனைவி அறைக்குள் வந்தார். கையில் இஸ்திரிப் பெட்டி, தோளில் மறுநாள் கோயில் பாடகர் குழுவுக்கான சேலை.

“அந்தப் பை எங்கை?” என்றேன்.

“எந்தப் பை?”

“ஓடுற பை. கேற்றடியிலை ஆள் நிக்குது. மெதுவாக் கதையும்.”

அவர் யன்னலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தப் பெட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய் வெங்காயச் சாக்குக்குள் புதைக்கும்படி நான் கெஞ்சினேன். நேற்றுத்தான் வெங்காயத்தைக் கொட்டிக் காயவைத்ததாகவும், வேண்டுமானால் என்னையும் சேர்த்துக் காயவைக்கலாம் என்றும் சொன்னார்.

“உங்களுக்கு அரசாங்கம் தந்த லைசென்ஸ் இருக்கெல்லோ. பேந்தென்ன நடுக்கம்?”

“லைசென்ஸ் இருக்கிறவனைத்தான் சுகமாப் பிடிக்கலாம். விலாசம் குடுத்திருக்கிறன்.”

என் வாழ்க்கையில் நான் இவ்வளவு தெளிவாகச் சிந்தித்தது அன்றைக்குத்தான். பெட்டியை நிறுத்தவும் வழி தெரியவில்லை. நிறுத்துகிற பொத்தானும் மென்பொருளுக்குள்தான் எங்கோ. வயரைப் பிடுங்கலாம் என்பது இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

மனைவி கேற்றடிக்குப் போனார். பேசினார், சிரித்தார். திரும்பி வந்து, அவர் மின்சார மீற்றர் பார்க்க வந்தவர் என்றும், உடுப்புக் காயவைக்க இவ்வளவு உயரத்தில் ஏன் கொடி கட்டினீர்கள் அக்கா என்று கேட்டதாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே, இஸ்திரிப் பெட்டிக்கு இடம் வேண்டுமென்று என் மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பச்சைக் கோடு அந்தக் கணத்தோடு அறுந்தது. அவர் மறுபடி சொருகிக் காட்டினார். கோடு வந்தது. பிடுங்கினார். போய்விட்டது.

மணி பத்தேகால். ஒலிபெருக்கியைக் கூட்டினேன். இருமலும் சிரிப்புமாக ஒரு குரல்.

“டேய், என்னெண்டாலும் கதையடா. அந்தாள் போயிட்டுதோ?”

எந்த ஆள் என்று கேட்டேன்.

“கேற்றடியிலை நிண்ட ஆள்” என்றான். பிறகு முறைப்படி என் அழைப்புக்குறியைச் சொல்லி, என் குரல் துல்லியமாக, முழு வலுவோடு கேட்பதாக அறிக்கை தந்தான். மனைவியின் குரல் இன்னும் திறம் என்றான்.

நடந்தது இவ்வளவுதான். கோடு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் நான் வாங்கிய மலிவுச் சார்ஜர் கிளப்பிய இரைச்சல். சூடேறச் சூடேற அது இடம் மாறும். நான் சரி போட்ட நாற்பதில் ஒன்று, அறைக்குள் குரல் கேட்டால் எவரும் எதையும் அழுத்தாமலே பெட்டி தானாக ஒலிபரப்பத் தொடங்குகிற வசதி. ஆகவே என் நிலையத்திலிருந்து வானத்துக்குப் போன முதல் வசனம் ‘அந்தப் பை எங்கை?’ என்பதுதான். அது மட்டக்களப்பில் தெளிவாகக் கேட்டது.