சந்தோஷம் விற்ற எட்டு மாதம்

வீடு வீடாகப் போய்ப் புத்தகம் விற்கிறவனுக்குச் செருப்பு தேய்வதற்கு முன்பே வெட்கம் தேய்ந்துவிடும். என்னைப் போலப் பை தூக்கிய சகோதரர்களுக்கு இது தெரியும். நான் விற்றது ‘நித்திய சந்தோஷ வழிகாட்டி’. கோபத்தை வெல்வது, அன்றாடக் காரியங்களில் ஆனந்தம் காண்பது எல்லாம் அதில் இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது. அட்டையைத் தாண்டி நான் போனதில்லை.

தெற்கு மாட வீதி

கதவைத் திறந்த மாமி ஒரு வக்கீலின் மனைவி. “இதைப் படிச்சு உங்களுக்கு ஏதாவது குணம் தெரிஞ்சுதா?” என்று நேராகவே கேட்டார். அதற்கென்று ஒரு பதிலை நான் நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். “முன்னெல்லாம் ரொம்பக் கோபக்காரன் மாமி. இதைப் படிச்ச நாள்லேர்ந்து ஆத்துல குரலை உசத்தினதே இல்லை.” அன்று காலைதான் காபி ஆறிவிட்டது என்று டம்ளரைத் தட்டிவிட்டு வந்திருந்தேன். என் மனைவி கோமதி குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே கிளம்பிவிட்டேன்.

தன் மாப்பிள்ளைக்குக் கோபம் ஜாஸ்தி என்றும், பெண் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை என்றும் சொல்லி மாமி ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். என் வீடு மந்தைவெளியில் என்று தெரிந்ததும், நவராத்திரிக் கொலுவுக்குக் கோமதியை அனுப்பச் சொன்னார். நான் படி இறங்கும்போது சொன்னார்: “உங்காத்துக்காரி கொடுத்து வெச்சவ.”

மாம்பலத்துப் புது வீடு

தியாகராய நகரில் அப்போதுதான் வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. சுண்ணாம்பு வாசனை போகாத ஒரு வீட்டில், ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவர் நான் பேசியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். இந்தப் புத்தகத்தை மூன்று தடவை படித்திருப்பதாகச் சொன்னேன். “அப்போ உங்க பிரதியையே பார்க்கறேனே” என்று கை நீட்டினார்.

எங்கள் புத்தகம் ஓரம் வெட்டாமல் வரும். மடிப்பைக் கத்தியால் கிழித்தால்தான் உள்பக்கங்களைப் படிக்க முடியும். மாதிரிக்கு ஏழு மாதமாக நான் தூக்கித் திரிந்த பிரதியில் ஒரு மடிப்புகூடக் கிழிபடவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய்ப் பேனாக்கத்தியை எடுத்துவந்து, உட்கார்ந்து நிதானமாக மடிப்புகளைக் கிழித்து, புத்தகத்தை என்னிடம் நீட்டினார். “முதல் அத்தியாயம் வரைக்கும் திறந்துட்டேன். மீதியை நீங்க பார்த்துக்கோங்கோ.”

சிந்தாதிரிப்பேட்டை

அன்றைக்காவது அந்த முதல் அத்தியாயத்தைப் படித்திருக்கலாம். எனக்கு ஏது அந்தப் புத்தி? நேரே சிந்தாதிரிப்பேட்டைக்கு ஓடி, பைண்டர் காசிம் பாயிடம் புத்தகத்தைக் கொடுத்து, எல்லா ஓரத்தையும் வெட்டி, பல பேர் புரட்டிய மாதிரி கொஞ்சம் அழுக்காக்கியும் தரச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாய் ஓரத்தை மட்டும் வெட்டினார். “அழுக்கு பண்ற வேலை நம்ம கைல ஆவாது சார். அது பட்ச்சா தானா வரும்.”

மறுபடியும் மாட வீதி

நவராத்திரி வந்தது. கோமதி கொலுவுக்குக் கிளம்பினாள். மாமி ஒரு வார்த்தை கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். ‘எனக்காகப் பொய் சொல்’ என்று கேட்க வாய் வரவில்லை. அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டாக வேண்டுமே! திரும்பி வந்தவள் கையில் வெற்றிலைபாக்கும் சுண்டலும் இருந்தன. சுண்டலை எனக்கு எடுத்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மடியில் கனம் இருந்ததால் பத்து நாள் அந்த வீதிப் பக்கமே போகாமல், டிராமை விட்டு இறங்கிச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

கடைசியில் ஒருநாள் கோயில் குளக்கரையில் மாமியே என்னைப் பிடித்துக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது. இன்னும் இரண்டு பிரதி வேண்டுமாம். ‘நிஜமாவே அவர் குரலை உசத்தறதில்லையா?’ என்று கோமதியிடம் கேட்டாராம். ‘ஆமாம் மாமி, ஒரு நாளும் இல்லை’ என்றாளாம். நான் பையைத் திறக்க மறந்து நின்றேன். மாமி சொன்னார்: “சொல்றச்சே அவளுக்குக் கண்ணு நிறைஞ்சுடுத்து. என் பொண்ணுக்கும் அப்படி ஒரு நாள் வரணும்.”

அந்த மாதமே வேலையை விட்டுவிட்ட நான், நித்திய சந்தோஷத்துக்கு இன்றுவரை கண்டுபிடித்த வழி ஒன்றே ஒன்றுதான்: காபி ஆறியிருந்தால், ஆறிய காபியைக் குடித்துவிட்டு டம்ளரை நானே கழுவி வைப்பது.