சந்திரமதியின் ஐந்து நாள் கார்

பத்தொன்பது வருஷமாக ஜூரோங்கில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவள் சந்திரமதி. விடியறதுக்கு முன்னால் ஆட்களை ஏற்றி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்கி, நடுவில் பஸ்ஸிலேயே சாப்பிட்டு, பஸ்ஸிலேயே கண்ணயர்ந்து காலத்தை ஓட்டிய ஐம்பத்தோரு வயசுக்காரி. வண்டி விஷயத்தில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது, எடுக்க விடவும் மாட்டாள். அந்தத் திமிர்தான் அவளை மாட்டிவிட்டது.

பஸ் கான்ட்ராக்ட் மாசக் கடைசியோடு முடிகிறது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இந்த வயசில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? தஞ்சோங் பகாரில் ஒரு ஓட்டலில் கார்களைக் கவனிக்கிற ருக்ஸானா மட்டும் ஒரு வழி சொன்னாள். ஓட்டலில் தங்குகிறவர்களை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட சொந்தக் காரோடு ஒரு ஆள் வேண்டும். பெரிய கறுப்புக் காராக இருக்கணும், இன்ஸ்பெக்‌ஷன் பாஸான புதுப் பேப்பர் இருக்கணும், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காரோடு வந்து நிற்கணும். இருப்பது ஒரே இடம், இன்னும் மூணு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்லியிருந்தாள்.

இந்த ஊரில் கார் வாங்குவது லேசுப்பட்ட காரியமா? சந்திரமதியின் சேமிப்புக்குப் பெரிய கார் என்றால் பழைய டீசல்தான் கட்டுப்படியாகும். டீசலுக்கு வருஷா வருஷம் தனி வரி கட்டணும், அதனால் ஒருத்தரும் சீந்துவதில்லை, விலையும் இறங்கிக் கிடக்கும். லிட்டில் இந்தியாவில் ஒரு மாடியறையில் ஆபீஸ் போட்டுப் பழைய கார் விற்கும் சுரேந்தரிடம் அப்படி ஒன்று இருந்தது. ஏழு வருஷம் ஓடிய ஜெர்மன் கார், தோல் சீட், எந்தக் காருக்கும் இங்கே பத்து வருஷம்தான் கணக்கு என்பதால் இன்னும் மூணு வருஷம் ஓட்டலாம். பார்த்ததுமே அவள் மனசு அதில் விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கே போய்விட்டாள். காரைப் பார்த்துச் சொல்ல வருவதாக ஒத்துக்கொண்ட மெக்கானிக் யாசருக்கு வேறு வேலை வந்துவிட்டது, அஞ்சு மணிக்குத்தான் வரமுடியும் என்று போன் பண்ணினான். நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். வாழ்க்கையில் வாங்கும் முதல் காருக்கு ராகு காலத்தில் கையெழுத்துப் போட மனசு வருமா? நமக்குத் தெரியாத டீசலா என்று தானே பார்க்க இறங்கிவிட்டாள். பானெட்டைத் தூக்கினாள், எஞ்சின் சத்தம் கேட்டாள், பின்னால் குனிந்து புகைக்குழாயில் விரலை விட்டுத் துடைத்தாள். கரி மையாக ஒட்டியது. அவள் ஓட்டும் கிழட்டு பஸ்ஸில் தினமும் பார்க்கிற கரி. நல்லா ஓடின டீசல் இப்படித்தான் இருக்கும் என்று சுரேந்தருக்கே வகுப்பு எடுத்தாள். அவன் வாயைத் திறக்காமல் பேனாவை நீட்டினான். நாலு இருபதுக்குக் கையெழுத்து முடிந்தது.

திங்கட்கிழமை காத்தோங் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீடு வரைக்கும் ஓட்டிவந்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. செவ்வாய்க்கிழமை யாசர் காரைத் தூக்கி அடியில் பார்த்தபோது அத்தனையும் வடிந்துவிட்டது.

புதுக் காலத்து டீசல் காரில் கரியைப் பிடித்துவைக்க ஒரு ஃபில்டர் உண்டு. அது ஒழுங்காக இருந்தால் புகைக்குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டாலும் வெள்ளையாகத்தான் வரணும். இந்தக் காரில் யாரோ ஃபில்டரின் உள்பக்கத்தை நோண்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் மாட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷனில் நிச்சயம் ஃபெயில். புதுசு வாங்கிப் போட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நேரே சுரேந்தரிடம் போனாள். அவன் பதறவே இல்லை.

"அக்கா, நீங்கதானே விரலை விட்டுப் பார்த்தீங்க? கரி இருந்துச்சு. நல்ல டீசல்னு நீங்கதான் சொன்னீங்க. நான் எதை மறைச்சேன் லா?"

அந்தப் படுபாவி சொன்னதில் பொய் இல்லையே! அவனைத் திட்டுவதா, தன்னையே அறைந்துகொள்வதா என்று தெரியாமல் படியிறங்கினாள்.

யாசர் இரண்டு வழி சொன்னான். வாங்கி ஆறு மாசத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போதே இருந்த பழுதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், புகார் கொடுக்கலாம். ஆனால் அது முடிய எத்தனை நாள் ஆகுமோ, வெள்ளிக்கிழமை காத்திருக்காது. இன்னொரு வழி, அவன் பட்டறையில் நிற்கும் இதே மாதிரிக் காரின் ஃபில்டரை ஒருநாள் மாட்டிப் பாஸ் வாங்கிவிட்டுக் கழற்றிவிடுவது. நிறையப் பேர் பண்ணுவதுதான் என்றான். அவள் இரண்டாவதற்குத் தலையாட்டினாள். ஓட்டல் வேலை கைநழுவிவிடுமோ என்ற பயம் அவளை அப்படி ஆட்டியது.

வியாழக்கிழமை காலை, இன்ஸ்பெக்‌ஷன் சென்டர் வரிசையில் அவள் கார் மூணாவது. ஏசி ஓடியும் கழுத்தெல்லாம் வேர்த்தது. முன்னால் நின்ற கார் உள்ளே போனது, இவள் நகர்ந்தாள். பாஸ் பேப்பர் கைக்கு வந்ததும் நேரே ஓட்டலுக்குப் போவது போலவே நினைத்துப் பார்த்தாள். அப்புறம் அதே பேப்பர் சுரேந்தர் கையில் இருப்பது போலவும் நினைத்துப் பார்த்தாள். சட்டென்று உறைத்தது. கார் நல்ல கார் என்று அவளே வாங்கிக் கொடுக்கும் சாட்சியல்லவா அது! நாளைக்கு நடுரோட்டில் சோதனையில் மாட்டினாலும் எவனிடமும் போய்க் கேட்க முடியாது. மூணு வருஷமும் ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனுக்கும் இதே திருட்டு, இதே வேர்வை.

இன்னும் ஒரே கார்தான் முன்னால். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். சந்திரமதி ஸ்டியரிங்கை ஒடித்து வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

பட்டறைக்கு வந்து ஃபில்டரைக் கழற்றச் சொன்னாள். யாசர் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான், ஆனாலும் கழற்றினான். வெறும் கூட்டோடு மறுபடியும் அதே வரிசைக்குப் போனாள். பரிசோதித்த பையன் தமிழ்ப் பையன், பாவம், கஷ்டப்பட்டு முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்.

"சாரிக்கா, ஃபெயில். உள்ளே ஃபில்டரே இல்லை."

"அதைத் தெளிவா எழுதிக் கொடுங்க தம்பி."

சுரேந்தர் அந்தப் பேப்பரை இரண்டு தரம் படித்தான். இன்றைக்கே பணம் வரவில்லையென்றால் நேரே புகார் கொடுக்கப் போவதாக அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். வாடிக்கையாளர் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் முக்கி முனகிப் பார்த்துவிட்டு, கொடுத்ததை முழுசாகத் திருப்பி அவள் கணக்கில் போட்டான். போனில் பணம் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சாவியை மேசையில் வைத்தாள்.

சிராங்கூன் ரோட்டுக்கு வந்து ருக்ஸானாவைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பேசாம பாஸ் பண்ணிட்டு வந்திருக்கலாமே அக்கா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் ருக்ஸானா. அந்த இடத்தை இன்றைக்கே வேறொருத்தருக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான், தன் கையில் ஒன்றுமில்லை என்றாள்.

சரிம்மா என்று போனை வைத்தாள் சந்திரமதி. ஜூரோங் பக்கம் போகிற பஸ் வந்தது. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. டிரைவர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பிரேக்கை முரட்டுத்தனமாக அழுத்தினான். இவனுக்கெல்லாம் வேலை இருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.