தண்ணீர்த் தாங்கியைப் பார்த்த பெரட்டு

1. லெட்சுமியின் லீவு

எனக்குக் கழுத்தில் ஒரு நோய். வாய் என்ன சொன்னாலும் தலை "இல்லை, இல்லை" என்று இடமும் வலமும் ஆடும். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்காக, அதாவது வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன் நான். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டி, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது, யாருக்கு லீவு என்று சொல்வதுதான் அன்றைய முதல் வேலை. அந்த வேலை பார்த்த எனக்கு வேறு எந்த நோய் வந்திருந்தாலும் ஒருவிதமாகச் சமாளித்திருப்பேன்.

அது வெளிப்பட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. லெட்சுமி என்ற பெண், மகளை அட்டனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று லீவு கேட்டார். தாராளமாகப் போய்வரச் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். லீவு கொடுத்தும் வேலைக்கு வருகிறாரே, என்ன பொறுப்பு என்று கிளாக்கரிடம் மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் தொழிற்சங்கத் தலைவர் செல்லையா என் குவாட்டர்ஸுக்கு வந்தார்.

"ஐயா, லெட்சுமிக்கு லீவு இல்லைன்னுட்டீங்களாம்."

"குடுத்தேனே தலைவரே."

அவர் என் முகத்தையே பார்த்தார். "இப்பவும் இல்லைன்னுதான ஆட்டுறீங்க?"

அவர் போன பிறகு கண்ணாடி முன்னால் நின்றேன். என் தலை என்னைப் பார்த்து மறுத்துக்கொண்டிருந்தது. பயந்துபோனேன்.

2. சுளுக்கு

எல்லாரிடமும் சுளுக்கு என்று சொல்லி வைத்தேன். உடனே வீட்டுக்கு எண்ணெய்ப் போத்தல்கள் வரத் தொடங்கின. ஆளுக்கொரு மூலிகை, ஆளுக்கொரு பக்குவம். என் மனைவி சரசு அத்தனையையும் என் கழுத்தில் தேய்த்துப் பார்த்தாள். வாசனையில் தோட்டத்து நாய்கள் என் பின்னால் வந்தன, தலை மட்டும் ஆடியபடியே இருந்தது.

நுவரெலியாவில் காட்டினேன், அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். பெரிய டாக்டர் நிதானமாக விளக்கினார். மூளையிலிருந்து கழுத்துத் தசைக்குத் தப்பான கட்டளை போகிறதாம். முற்றாகக் குணமாகாது. சில மாதங்களுக்கு ஒரு முறை கழுத்தில் ஊசி போட்டால் கொஞ்சம் அடங்கும். கவலைப்பட்டால் கூடும், ஆகவே கவலைப்படாமல் இருங்கள் என்றார். கொழுந்து குறைந்தால் தோட்ட மேனேஜரான தொரையிடமும், கூடினால் லொறிக்காரனிடமும் ஏச்சு வாங்குகிறவனுக்கு அவர் சொன்ன வைத்தியம் அது.

ஒரு வழியை நானே கண்டுபிடித்தேன். கன்னத்தில் ஒரு விரலை வைத்தால் போதும், தலை சட்டென்று நின்றுவிடும். டாக்டரும் ஆமாம், இந்த நோய்க்காரர் சிலருக்கு அப்படி நிற்கும் என்றார். எனக்குச் சந்தோஷத்துக்குப் பதிலாக ஆத்திரம் வந்தது. என் விரலுக்கு அடங்குகிற தலை ஏன் எனக்கு அடங்குவதில்லை?

மறுநாள் கன்னத்தில் கைவைத்தபடி பெரட்டுக்குப் போனேன். தலை ஆடவில்லை. ஆனால் நம் சனத்துக்குக் கன்னத்தில் கை என்றால் கப்பல் கவிழ்ந்த கணக்குத்தானே. ஒருத்தி மெதுவாக, வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்டாள். இன்னொருத்தி, ஐயாவே இப்படி நின்றால் தோட்டத்தை மூடப்போகிறார்கள் போலிருக்கிறது என்றாள். பத்து மணித் தேத்தண்ணிக்குள் அது பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. மத்தியானம் பஜாரில் கடை வைத்திருக்கும் காசிம் நானா போன் எடுத்து, தோட்டத்தை யாருக்கு விற்றார்கள் என்று விசாரித்தார். வீட்டிலும் சரசு என் கையைத் தட்டிவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் கன்னத்தில் கையா என்று கோபித்தாள்.

ஆக, எனக்கு இரண்டே வழி. தலையை ஆடவிட்டு எல்லாருக்கும் இல்லை என்பது, அல்லது நிறுத்தி எல்லாருக்கும் இழவு சொல்வது.

3. பார்க்காத முகங்கள்

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டேன். கோயிலில் ஐயர் தீபத்தை நீட்டும்போது நான் வேண்டாம் என்பதுபோல் நிற்பேன், அதனால் கோயிலையும் விட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்தேன். கழுத்து வலி பெரிதில்லை, வெட்கம்தான் ஆளைத் தின்றது. பெரட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடலாமா என்று தினமும் யோசித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை நான் பேசத் தொடங்கியதும் பெரட்டு முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அத்தனை பேரும் மேட்டிலிருந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தபடி நின்றார்கள். மறுநாளும் அப்படியே. என்னைப் பார்க்கவே அருவருப்பு வந்துவிட்டது என்று நினைத்து, மாரியாயியைக் கூப்பிட்டு ஏசினேன். நாலாம் நம்பர் மலையில் பெண்களுக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பவர்.

அவர் அசையவில்லை. "உங்க மூஞ்சியப் பாத்தா காது கேக்க மாட்டேங்குதுங்கய்யா. அதான் டேங்கப் பாத்துக்கிட்டு கேக்குறோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுளுக்குக் கதையை நம்புவதை எல்லாரும் எப்போதோ விட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் "சரி" என்றால் அது சரியாகவே போய்ச் சேர்ந்தது. லெட்சுமி லீவு எடுத்துப் போய் மகளைச் சேர்த்துவிட்டு வந்தார். மூலையில் உட்காரும் யோசனையையும் நான் கைவிட்டேன்.

4. புதுத் தொரை

பிறகு புதுத் தொரை வந்தார். நல்ல மனிதர், சிங்களவர், தமிழும் பேசுவார். முதல் நாள் பெரட்டுக்கு வந்தவர், நான் பேசப் பேச எல்லாரும் தண்ணீர்த் தாங்கியைப் பார்ப்பதைக் கண்டார். அவரும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தொழிலாளர் ஏதோ குறையைச் சாடையாகக் காட்டுகிறார்கள் என்று அவராக முடிவெடுத்து, மறுநாளே தாங்கியை வெறுமையாக்கிச் சோதிக்கச் சொல்லிவிட்டார். நல்ல தாங்கி அது. அதைத் துருவித் துருவிப் பார்த்ததில் ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை.

தாங்கியில் பழுதில்லை என்று தெரிந்ததும் தொரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஆட்கள் உங்களை மதிப்பதில்லை போலிருக்கிறது, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு மாற்றுகிறேன், அல்லது பெரட்டிலேயே நிற்க விருப்பமா என்று கேட்டார். முன்பென்றால் ஓடியிருப்பேன். இப்போது அந்தப் பெரட்டை விட்டால் எனக்கு உலகத்தில் வேறு இடமில்லை என்று தோன்றியது.

"விருப்பம் சேர்," என்றேன். தலை பலமாக மறுத்தது.

"விளங்குது," என்றார் அன்பாக. "நீங்க கஷ்டப்பட வேணாம். ஸ்டோருக்குப் போங்க."

பதறிப்போய்க் கன்னத்தில் கைவைத்தேன். தலை நின்றது. தொரை எழுந்து வந்து என் தோளைத் தட்டி, இவ்வளவு மனம் உடைய வேண்டாம் என்றார். வாய் திறந்து நோயைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் அப்போதும் விடவில்லை.

அந்த நேரம் வாசலில் சத்தம். இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை என்று நியாயம் கேட்க மாரியாயி பெண்களோடு வந்திருந்தார். தாங்கியைத்தானே நீங்கள் எல்லாரும் காட்டினீர்கள் என்று தொரை கேட்டார். மாரியாயி என்னைப் பார்த்தார், என் கன்னத்துக் கையைப் பார்த்தார், நடந்தது அவருக்கு விளங்கிவிட்டது.

"ஐயாவுக்குக் கழுத்துல சீக்குங்க தொரை. தல அதும்பாட்டுக்கு ஆடும். நீங்களும் டேங்கப் பாத்துக்கிட்டு கேளுங்க."

தொரை கொஞ்சம் தயங்கி ஜன்னல் பக்கம் திரும்பினார். மேட்டில் தாங்கி தெரிந்தது. அதைப் பார்த்தபடி, பெரட்டில் நிற்க விருப்பமா என்று மறுபடி கேட்டார். நான் கன்னத்திலிருந்து கையை எடுத்தேன். தலை அதன் இஷ்டத்துக்கு ஆடட்டும் என்று விட்டேன்.

"விருப்பம் சேர். எனக்கு நோய் இருக்கு. ஆனா வேலை செய்ய ஏலும்."

என் வாயால் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. தொரை தாங்கியைப் பார்த்துத் தலையசைத்தார். சாயங்காலமே தண்ணீரும் வந்தது.

5. கடைசிப் பெரட்டு

புதிதாக வேலைக்கு வரும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். உடம்பில் ஒன்று வந்துவிட்டால் சுளுக்கு என்று கதை கட்டாதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைப்பதற்குச் செலவான தெம்பில் நான் இன்னும் பாதி ஆயுள் வேலை பார்த்திருப்பேன்.

போன மாதம் ஓய்வு பெற்றேன். கடைசிப் பெரட்டில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் எழுந்ததும் வழக்கம்போல எல்லாரும் தாங்கியைப் பார்த்தார்கள், தொரையும் கூட. நன்றி என்று தொடங்கினேன், அதற்கு மேல் முடியவில்லை. அழுதுவிட்டேன். மரியாதையாக எல்லாரும் தாங்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாரியாயி மட்டும் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார்.

கலைந்து போகும்போது, நான் சொன்னது காதில் விழுந்ததா என்று அவரிடம் கேட்டேன்.

"கேக்கலங்கய்யா," என்றார். "பாத்தேன்."