அந்தப் படத்தை எடுத்தவர்

ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் புகழ்பெற்ற தமிழ் இயக்குநர் ஒருவர் மனைவியோடு வசிக்கிறார். மறதி நோயால் அவருக்குத் தன் பெயர்கூட நினைவில்லை. ஒரு ஞாயிறு மாலை நான் போனபோது, டிவியில் அவர் எடுத்த படமே ஓடிக்கொண்டிருந்தது. இறந்துபோன மகளின் பள்ளிச் சீருடையைத் தகப்பன் மடித்துவைக்கும் காட்சி. பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் தேம்பி அழுதார்.

“யாரு எடுத்தது இது? அவனுக்குப் பொண்ணு செத்திருக்கணும்.”

“யாரோ ஒருத்தர்ங்க,” என்று மனைவியும் அழுதபடி அவர் கண்களைத் துடைத்தார்.

என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தபோது அந்த அம்மா மெல்லச் சொன்னார்: “அது எங்க பொண்ணோட கதைதாம்மா. அவர் அவளை மறந்துட்டார். எனக்குத் தனியா அழ முடியலை. அதான் அப்பப்போ இதைப் போட்டுவிடுறேன்.”

அது கொடுமையா, அன்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் எதிர்வீட்டில் அந்தப் படத்தின் இசை கேட்கும்போதெல்லாம் செய்கிற வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.